மூக்கரின் மூக்குக்குள் செத்த எலி

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னுக்குப் பின் வந்தாலும் மறதியில் ஏதும் விட்டுப்போனாலும் கோபிக்காதீர்கள். ஆனால் ஒன்று நிச்சயம். வாவியின் இந்தக் கரையில் மூக்கருக்குத் தெரியாமல் எவரும் ஒரு வெங்காயம்கூட வதக்கியது கிடையாது.

மூக்கர் எனக்கு அடுத்த வளவு, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, அவருடைய மூக்குத்தான் நீதவான். காத்தான்குடியிலிருந்து மீன் விற்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் காக்கா என்போம், சைக்கிளில் வந்து ஹோர்ன் அடித்தால் சட்டியோடு போய் நிற்போம், வாங்கமாட்டோம். மூக்கர் வந்து, பெட்டிக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்து, "ம்… விடியப்பறம் பட்டது. வாங்குங்க புள்ளயள்" என்ற பிறகுதான் வியாபாரம்.

என் அடுப்பையும் விடமாட்டார். "தங்கச்சி, வெந்தயம் கருகுது!" என்று வேலிக்கு அங்காலிருந்து குரல் வரும். வெட்கத்தில் நான் பதில் சொல்வதில்லை. சட்டியை மட்டும் இறக்கிவிடுவேன்.

அப்படிப்பட்டவருக்கு மேல் கடைவாய்ப் பல் வலித்தது. பல் டொக்டர் துளைத்து, வேருக்குள் இருந்த நரம்பை எடுத்து அடைத்துவிட்டார். வலி போனது. சில கிழமையில் நாற்றம் வந்தது.

"எங்கயோ எலி செத்துக் கிடக்கு!"

கூரை ஓடுகளைப் பிரித்தார். எலி இல்லை. கிணற்றை இறைத்தார். இல்லை. கோழிக்கூட்டைக் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டினார். கோழிகள் பயந்து முட்டையிடுவதை நிறுத்தியதுதான் மிச்சம். கடைசியில் வேலியால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, கோபிக்காத. உங்கட குசினிக்க ஏதும்…"

நான் அவசரமாக அடுக்களைக்குள் சாம்பிராணி போட்டேன்.

"ஐயோ, சாம்பிராணியும் நாறுது!"

அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு காக்காவின் மணலை மீனுக்கு மூக்கர் தீர்ப்புச் சொன்னார்: "சீ! அழுகல்!"

மறுநாளும் அழுகல். அதற்கு அடுத்த நாளும் அழுகல். நாங்கள் வெறும் சட்டியோடு திரும்பினோம். கதை பக்கத்து ஒழுங்கைகளுக்கும் பரவி, அங்கேயும் காக்காவிடம் வாங்குவதை விட்டுவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. காக்கா சைக்கிளை நிறுத்தினார், ஹோர்ன் அடிக்கவில்லை.

"அண்ணே, வாவியில துள்ளினதக் கையோட கொண்டாறன். நீங்க ஒரு சொல்லுச் சொன்னா என்ட புள்ளயளுக்குச் சோறில்ல. இந்தா, இதையும் மணந்து பாருங்க."

காதுமடலில் செருகியிருந்த அத்தர்ப் பஞ்சை எடுத்து நீட்டினார்.

மூக்கர் இழுத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. "காக்கா… இதுவும் நாறுது."

அத்தர் நாறுமா? மூக்கர் ஒரு துவாரத்தைப் பொத்தி இழுத்தார். மற்றதைப் பொத்தி இழுத்தார்.

"வலப்பக்கம் நல்ல வாசம். இடப்பக்கம்தான் செத்த எலி."

"அப்ப எலி ஒங்கட மூக்குக்கதான் இரிக்கி! ஏறுங்க சைக்கிள்ல!"

மீன் பெட்டியை எங்களிடம் இறக்கிவிட்டு, அதே கரியரில் மூக்கரை ஏற்றிக்கொண்டு காக்கா ஆசுபத்திரிக்கு மிதித்தார். அன்றுதான் நாங்கள் மூக்கில்லாமல் மீன் வாங்கினோம். அருமையான மணலை.

படம் பிடித்துப் பார்த்தார்களாம். அடைத்த பல்லின் வேர் நுனியில் சீழ். அதற்கு நேர் மேலே கன்ன எலும்புக்குள் மூக்கோடு சேர்ந்த ஒரு குழி, எல்லாருக்கும் உள்ளதுதானாம். சீழ் அங்கே ஏறிப் பீனிசமாகிவிட்டது; அந்த நாற்றம்தான் செத்த எலி. பல்லைத் திரும்பத் திறந்து துப்புரவாக்கி, மருந்தும் கொடுத்தார்கள்.

சுகமாகும்வரை மூக்கர் வெளியே தலைகாட்டவில்லை. வேலிப் பக்கம் சத்தமே இல்லை. என் கறியை நானே ருசி பார்த்து இறக்கவேண்டியிருந்தது, ஒன்றும் சரிவரவில்லை.

ஒருநாள் ஹோர்ன் கேட்டதும் வந்தார். பெட்டிக்குள் தலையை விட்டார்.

"காக்கா, எல்லாம் நல்ல மீன். அடியில கிடக்கிற ஒண்டு மட்டும் நேற்றையான்."

காக்கா கைகொட்டிச் சிரித்தார். "அது ஒங்களுக்குப் பரீட்சை அண்ணே! பாஸ்!"

இவ்வளவுதான் ஞாபகம். பல் இடப்பக்கமா வலப்பக்கமா, டொக்டர் சொன்னதை ஒழுங்காக எழுதினேனா என்பதை விபரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். எனக்கு நேரமில்லை. வேலிக்கு அங்காலிருந்து குரல் வருகிறது:

"தங்கச்சி, எழுதினது காணும், எழும்பு. பருப்பு அடிப்பிடிக்குது!"

"ஓம் அண்ணே, இந்தா இறக்கிறன்!" என்று இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பதில் சொன்னேன்.