பெட்டிக்குள் போன புல்லட்

"இனிமே இந்த வூட்டுல கணக்கு என் கையில" என்று கொளஞ்சிநாதன் அறிவித்தபோது, அவன் கையில் குழந்தையின் ஈரத்துணி இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றான். கொடியில் காயப்போட்டுவிட்டு வந்து மறுபடியும் அறிவித்தான்.

"கம்ப்யூட்டர் வருது. பேங்க்கு கணக்கு, கைச்செலவு எல்லாம் அதுலதான். நீ இனிமே ஒண்ணும் எழுத வேணாம்."

"வரட்டும் மாமா" என்றாள் வேல்விழி, பத்து மாதக் குழந்தைக்குப் பருப்பு சாதம் ஊட்டியபடியே. "பில்லு எம்பேருல வாங்கிடுங்க."

அங்கேதான் வலி. எல்லாமே அவள் பேரில்தான். பெண்கள் தொழில் தொடங்கினால் வட்டி குறைச்சல் என்று யாரோ சொல்ல, கடனை அவள் பேரில் வாங்கி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் 'வேல்விழி செராமிக்ஸ்' என்று பலகை மாட்டினான். பீங்கான் வாத்து, பீங்கான் யானை, ஃபியூஸ் கட்டை. சூளைப் பக்கம் நின்று வேகிறவன் அவன். செக்கில் கையெழுத்து அவளுடையது. பேங்க்குக்குப் போனால் மானேஜர், "மேடம் வரலீங்களா?" என்று அவன் முதுகுக்குப் பின்னால் பார்ப்பார். டீக்கடையில், "வேல்விழி வூட்டுக்காரரு வராரு, ஸ்ட்ராங்கா ஒண்ணு!" எஸ்டேட்டிலேயே சைக்கிளில் வரும் ஒரே முதலாளி அவன்தான். அதிலும் முதலாளி இல்லை, முதலாளியின் புருஷன்.

ஆகவே புல்லட். கம்மாபுரத்துக் கூட்டாளி அர்ச்சுனன் தன் புல்லட்டை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தான். விலை முப்பதாயிரம். அது தடதடவென்று எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் எவனும் 'வேல்விழி வூட்டுக்காரரு' என்று சொல்லமாட்டான். சொன்னாலும் அந்தச் சத்தத்தில் காதில் விழாது.

துபாயில் கணக்கு எழுதிவிட்டுத் திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த இஃப்திகார் பாய், ஒரு பழைய கம்ப்யூட்டரில் கணக்கு சாஃப்ட்வேரை ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"இது பேங்க்கு. இது பெட்டி கேஷு. பேங்க்குலேர்ந்து எடுத்து இங்க வச்சா, கான்ட்ரா என்ட்ரி. டீ, பஸ்ஸு மாதிரி செலவெல்லாம் இதுலேர்ந்து போவும். புரியுதா தம்பி?"

ரொம்ப நன்றாகவே புரிந்தது. பெட்டி என்றால் பெட்டி. மேஜைக்கடியில் பூட்டிக் கிடக்கும் இரும்புப் பெட்டி. "பாத்தியா விழி, இங்கிலீஷ்காரனே தமிழ்ல பேரு வச்சிருக்கான்" என்றான் பெருமையாக.

வேல்விழி கான்வென்டில் படித்தவள். வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திட்டம் இதுதான். களிமண்ணுக்கும் சூளை எண்ணெய்க்கும் என்று அவள் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் செக்குகளில் மூன்றைப் பேங்க்கில் மாற்றி முப்பதாயிரம் எடுக்க வேண்டும். பணம் பேங்க்கிலிருந்து பெட்டிக்கு வந்ததாக ஒரு கான்ட்ரா. பெட்டியிலிருந்து டீ, வைக்கோல், சணல் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு. பணம் மட்டும் மூக்குடைந்த வாத்துகள் கிடக்கும் சாக்குக்குள். பணத்துக்கு ஒரு சாக்கு, செலவுக்குப் பல சாக்கு.

செக்குகளை மாற்றினான். கான்ட்ரா போட்டான். பணம் வாத்துகளோடு போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நரகம் தொடங்கியது.

எந்தச் செலவைத் தட்டினாலும் அந்த சாஃப்ட்வேர் கீழே ஒரு கட்டத்தைத் திறந்து, எதற்காக என்று கேட்டது. இதுவரை வீட்டில் அப்படிக் கேட்க ஒரு ஆள்தான். இப்போது இரண்டு. பொய் சொல்வதில் அவன் அப்படியொன்றும் மோசமில்லை. பொய்யை ஒற்றை விரலால், இங்கிலீஷில், எழுத்துப் பிழையில்லாமல் சொல்வதுதான் முடியவில்லை.

"விழி, வைக்கோலுக்கு இங்கிலீஷ்ல என்னா?"

"ஸ்ட்ரா. எவ்ளோ வாங்கினீங்க மாமா?"

"கொஞ்சம்."

"கொஞ்சத்துக்கா எண்ணூறு ரூவா? பொம்மைய சுத்தறதுக்கா, மாட்டுக்கா?"

பாதியில் கரண்ட் போய்விடும். தட்டிய பொய்யும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து பொய். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கட்டம் திறந்துகொண்டது. அத்தனை பாடுபட்டும் மூவாயிரத்துக்குத்தான் பொய் தேறியது. மீதி இருபத்தேழாயிரம் பெட்டியில் பத்திரமாக இருப்பதாகக் கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் அர்ச்சுனன் வேறு போன் பண்ணினான்: "வெள்ளிக்கெழமைக்குள்ள வா மாப்ள. இல்லன்னா ஸ்ரீமுஷ்ணத்துக்காரரு தூக்கிட்டுப் போயிடுவாரு."

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கம்ப்யூட்டர் முன்னால் வேல்விழி. மடியில் குழந்தை. காலடியில் திறந்த பெட்டி.

"பாஸ்வேர்டு எப்படித் தெரியும் உனக்கு?"

"ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டு சொல்லித்தானே தட்டுறீங்க. பாப்பாவே பாதி சொல்லுது." அவள் திரும்பினாள். "மாமா, பெட்டில இருவத்தேழாயிரத்துச் சொச்சம் இருக்கணும்னு சொல்லுது. இருக்கறது இருநூத்திப் பன்னண்டு ரூவா."

"வைரஸ் வந்திருக்கும்."

"வைரஸு பணத்த எடுக்குமா?"

"இது புது வைரஸு."

"இல்ல மாமா. பெட்டி கேஷுன்னா பெட்டியில இருக்கற பணம்னு நீங்கதான சொன்னீங்க? பெட்டியில காணம்னா, எவனோ எடுத்துட்டான்." குரலைத் தாழ்த்தினாள். "நேத்து டீக்காசு வாங்க நடராசண்ணன் உள்ள வந்தாரு…"

நடராசன் சூளை அடுக்குகிறவர். சம்பளத்தில் பத்து ரூபாய் கூடப் போய்விட்டால், துரத்திக்கொண்டு வந்து திருப்பித் தருகிற மனுஷன்.

"சீச்சீ! அவரு இல்ல!"

"அப்ப வேற யாரு? கொளஞ்சியப்பரே சொல்லட்டும். நாளைக்கு மணவாளநல்லூர் கோயிலுக்குப் போயி பிராது கட்டிட்டு வந்துடறேன்."

பிராது என்றால் சாமிக்கே எழுதிக் கொடுக்கும் புகார். பேர், ஊர், நடந்த அநியாயம் எல்லாம் எழுதிக் கோயில் வேலில் கட்டிவிட்டால், தீர்ப்பு எப்படியும் வரும். போலீசுக்குப் பயப்படாதவனும் இந்தப் பக்கத்தில் அதற்குப் பயப்படுவான். அந்தச் சாமியின் பேரைத்தான் கொளஞ்சிநாதனுக்கு வைத்திருந்தார்கள்.

"எடுத்தவன் கை காலு வெளங்காம போவணும்னு எழுதட்டுமா மாமா?"

"அவ்ளோ கடுமையா எதுக்கு விழி?"

"சரி, கை மட்டும்."

"எந்தக் கை?"

"நீங்களே சொல்லுங்க."

அன்று சாயங்காலம் அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், வாத்துகளிடம் இருந்த பணம் முழுவதும் இரும்புப் பெட்டிக்குத் திரும்பியது. மூடியை அழுத்தினான். உள்ளே ஒரு புல்லட் சத்தமில்லாமல் அடங்கியது.

மறுநாள் காலையில் வேல்விழி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாமா! பிராதுன்னு வாயால சொன்னதுக்கே பணம் வந்துடுச்சு! கணக்குக்கு மேல மூவாயிரம் கூட இருக்குது. திருடன் வட்டியோட குடுத்துட்டுப் போயிருக்கான்."

"சாமி… சக்தியுள்ள சாமி" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேங்க்குக்குப் போய், பணத்தைக் கட்டிவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பத்து விரலாலும் தட்டினாள். "பெட்டியிலேர்ந்து பேங்க்குக்குப் போனாலும் கான்ட்ராதான மாமா?" கையெழுத்துப் போட்ட செக்கு எதுவும் அதற்குப் பிறகு மேஜையில் இல்லை.

வெள்ளிக்கிழமை, எஸ்டேட்டுக்கு வெளியே ரோட்டில் ஒரு புல்லட் தடதடத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் போனது. சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சூளைப் புகை என்று நடராசனிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும், இடுப்பில் குழந்தையோடு நின்ற வேல்விழி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "வண்டி போயிடுச்சா மாமா?"

"எந்த… எந்த வண்டி?"

"அர்ச்சுனன் பொண்டாட்டி கான்வென்டுல என்கூட ஒரே பெஞ்சு."

அவன் செம்பை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தான்.

"பெட்டின்னா இங்கிலீஷ்ல சின்னதுன்னு அர்த்தம் மாமா. சில்லறைச் செலவுக்குன்னு வைக்கிற சின்னப் பணம். முப்பதாயிரத்துக்கு அந்தப் பேரு இல்ல."

"அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வேற வழி கண்டுபுடிச்சிருப்பீங்க." சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "அந்த ரோட்டுல லாரிங்க போற போக்கப் பாத்திருக்கீங்களா? நீங்க சைக்கிள்ல போயிட்டு வரதுக்குள்ளயே நான் எத்தினி தடவ வாசலுக்கு வரேன் தெரியுமா? புல்லட்டுல போனீங்கன்னா, நானும் இவளும் வாசல்லயே குடியிருக்க வேண்டியதுதான்."

அவன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஆனா வண்டி வேணும்னு ஆசப்பட்டுட்டீங்க. மானேஜர் சாருகிட்ட பேசிட்டேன். பேலன்ஸு நல்லா இருக்குதாம், வண்டிக்கு லோன் தராராம். இந்தத் தடவ உங்க பேரையும் வண்டியில எழுதச் சொல்லிட்டேன் மாமா."

அவன் பேர்! அவன் நெஞ்சுக்குள் மறுபடியும் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது.

அடுத்த மாதம் வண்டி வந்தது. சரக்கு ஏற்றும் ஆட்டோ, மூன்று சக்கரம். நெற்றியில் பெரிய எழுத்தில் 'வேல்விழி செராமிக்ஸ்'. கதவோரம், குனிந்து பார்த்தால் தெரிகிற எழுத்தில், 'ஓட்டுநர்: கொளஞ்சிநாதன்'.