பாஷாவின் சர்வீஸ் புத்தகம்

எந்தப் பட்டாளத்திலும் சேராமல், ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடாமல், செத்துப்போன ஒரு துருக்கிப் படைத்தலைவரை நாற்பது வருஷம் ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் துருக்கி சார்தான். பர்மாவில், பசுந்தாங்கில் நான் இருக்கும் கட்டடத்தின் ஆறாவது மாடியில் அவர் குடியிருந்தார். பர்மியர்கள் அவரை 'ஊ துருக்கி' என்பார்கள். சொந்தப் பெயர் குடும்பப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவருக்கும் துருக்கிக்கும் உள்ள உறவு, எனக்கும் வட துருவத்துக்கும் உள்ள உறவுதான்.

போட்டாதாங் படித்துறைப் பக்கம் ஒரு கிடங்கு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் குமாஸ்தாக்களாக இருந்தோம். எனக்கு அவர் சீனியர். ஊழியர்களின் சர்வீஸ் புத்தகம் எழுதுவது அவர் வேலை. யார் எந்தத் தேதியில் சேர்ந்தான், எங்கே மாற்றலானான், எத்தனை நாள் லீவு, யாரிடம் சார்ஜ் கொடுத்தான், யார் வாங்கினான். அலுவலகம் முழுவதற்கும் எழுதியது போதாதென்று, முதல் உலகப் போரில் துருக்கி சுல்தானுக்காகச் சண்டை போட்டு 'பாஷா' பட்டம் வாங்கிய அந்தப் படைத்தலைவருக்கும் ஒரு புத்தகம் திறந்துவிட்டார். அதே நீல அட்டை, அதே கட்டங்கள். பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடைகளில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்து, டிவிஷன், கோர், ஆர்மி என்று படைப்பிரிவுவாரியாகப் பாஷாவின் ஒவ்வொரு பதவியையும் அதில் ஏற்றினார்.

"தம்பி, இதப் பாருங்க. சிரியாவுல கோர் கமாண்டரா இருக்காரு. பன்னெண்டாவது நாள் காக்கேசியாவுல ஆர்மி கமாண்டரா ஜாயின் பண்றாரு. நடுவுல பாலைவனம், மலை, பனி. எப்படிப் போனாரு?"

"ரயில்ல போயிருப்பாரு சார்."

"முழு தூரத்துக்கும் ரயில் ஏது? தேதிய மாத்திப் போட்டிருக்காரு. நம்ம ஆபீசா இருந்தா மெமோ குடுத்திருப்பேன்."

"அவரு செத்தே எத்தனையோ வருஷமாச்சு சார்."

"செத்தவனுக்கு மெமோ குடுக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?"

தெருமுனை டீக்கடைக்காரர் கோ ட்டூன் தினமும் காலையில், "ஊ துருக்கி, உங்க ஜெனரல் சாப்பிட்டாரா?" என்று பர்மியத்தில் கேட்பார். கடையே சிரிக்கும். சார் மட்டும் சிரிக்கமாட்டார். "இன்னும் மலையிலதான் இருக்காரு. ரேஷன் வரல" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுத் தன் டீயைப் பாதியில் வைத்துவிடுவார்.

அவருக்கு உலகத்தில் எல்லாமே சார்ஜ் கொடுப்பதும் வாங்குவதும்தான். எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். கோயிலில் பெண்ணின் அப்பா பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்த நேரம், மேளத்தையும் மீறி ஒரு குரல்: "கையெழுத்து வாங்கினீங்களா?" ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். "சார்ஜ் குடுத்தவர் ஒரு கையெழுத்து, வாங்கினவர் ஒரு கையெழுத்து. நாளைக்கு ஒரு தகராறுன்னா யார் பொறுப்பு?" மாப்பிள்ளை பயந்துபோய்ப் பேனா இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவினான். அவன் சட்டையே போட்டிருக்கவில்லை.

இதெல்லாம் பைத்தியம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அவரே காரணத்தைச் சொன்னார்.

அந்தப் போரில் பிடிபட்ட துருக்கிக் கைதிகளை வெள்ளைக்காரன் பர்மாவுக்குக் கொண்டுவந்து தயெட்மியோவில் அடைத்துவைத்திருந்தான். சாருடைய தாத்தா அந்த முகாமில் ரொட்டி சுட்டவர். ஹசன் என்று ஒரு கைதி. பாஷாவிடம் ஆர்டர்லியாக இருந்தவன். ரொட்டி வாங்க வரும்போதெல்லாம், "எங்க பாஷா இப்போ எங்கே இருக்கார்?" என்று அரைகுறை இந்துஸ்தானியில் கேட்பானாம். ரொட்டி சுடுகிறவருக்கு என்ன தெரியும்? "விசாரிச்சுச் சொல்றேன்" என்பாராம். ஒரு மழைக்காலத்தில் ஹசன் நாலு மாதம் காய்ச்சலில் கிடந்தான். கடைசியாகவும் அதையே கேட்டான். அங்கேயே புதைத்தார்கள்.

"தாத்தா சாகுறப்போ எங்கப்பாகிட்ட சொன்னாரு, விசாரிச்சுச் சொல்றேன்னு ஒருத்தன்கிட்ட சொல்லியிருக்கேன்டான்னு. அப்பா எங்கிட்ட சொன்னாரு. நான் யார்கிட்ட சொல்றது, தம்பி?" சாருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

புத்தகத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. ஒரே ஒரு இடம் காலி. ஹசன் காய்ச்சலில் கிடந்த அந்த நாலு மாதம் மட்டும் பாஷா எந்தப் படையிலும் இல்லை. ஒரு பதவியில் சார்ஜ் கொடுத்திருக்கிறார். அடுத்ததில் சேர்ந்தது நாலு மாதம் கழித்து. நடுவில் ஆள் எங்கே? அந்தக் காலி இடத்தைப் பற்றிப் பேசும்போது சாரின் குரல் இறங்கிவிடும்.

ஓய்வு பெற்றபின் இருவரும் ஒரே கட்டடத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு இரண்டாவது மாடி. எங்கள் ஊரில் லிஃப்ட் இல்லாத வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப். பேப்பர்காரன் பேப்பரை மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும். சார் இன்னொரு கயிறு கட்டினார். அது அவர் பால்கனியிலிருந்து என் பால்கனிக்கு வந்தது. மணி என் பக்கம்.

அதோடு என் நிம்மதி போயிற்று. கண்ணெல்லாம் சோப்போடு குளியலறையிலிருந்து ஓடிவருவேன். கிளிப்பில் ஒரு சீட்டு இருக்கும்: 'நான்காவது ஆர்மி அல்ல, இரண்டாவது. திருத்திக்கொள்ளவும்.' மின்சாரம் வந்து தெருவே "மீ லாபீ!" என்று கத்தும்போது, எல்லோரும் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவார்கள், சார் போனுக்கு சார்ஜ் ஏற்றித் துருக்கிப் பக்கங்களைத் தேட உட்கார்ந்துவிடுவார். அரைமணியில் என் மணி அடிக்கும்.

இரண்டு வருஷம் முன்பு என் மனைவி போனாள். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டிலிருந்து வர வழியில்லை. போனில் அழுதார்கள். காரியம் முடிந்த மறுநாள் மணி அடித்தது. சீட்டில் சார் எழுதியிருந்தார்: 'தம்பி, தைரியமாக இருக்கவும். தங்கச்சி போன்ற மனுஷி கிடையாது. பின்குறிப்பு: பாஷாவின் மூன்றாவது டிவிஷன் விவரம் உறுதியாயிற்று.'

இன்றைக்கு அதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. ஒரு பழைய லுங்கித் துண்டைக் கிழித்து மணியின் நாக்கில் இறுக்கிச் சுற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் ஒருதரம் சீட்டுகளை எடுத்து 'பார்த்தேன்' என்று எழுதி அனுப்பிவிடுவேன். மணி அடிப்பதாகத்தான் அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் மழை தொடங்கிய சமயம். காலை எட்டு மணி இருக்கும். பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கயிறு ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. மூன்றாம் தரம் கொஞ்சம் வேகமாக ஆடியது. துணி சுற்றிய மணி கம்பியில் தட்டித் தட்டி நின்றது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை எட்டும் தூரத்தில் சீட்டு தொங்கியது. 'ஆரம்பிச்சாச்சு, இன்னிக்கு எந்த ஆர்மியோ' என்று நாற்காலியை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாலு மணிக்கு எடுத்தேன். மழையில் ஓரம் நனைந்திருந்தது.

'தம்பி, கிடைத்துவிட்டது! மருத்துவ விடுப்பு. அந்த நாலு மாதமும் பாஷாவும் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். எனக்கும் விடியற்காலையிலிருந்து நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் மேலே வாருங்கள்.'

என் வயதில் நாலு மாடி ஏறுவது கஷ்டம். அன்று எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவைத் திறந்து வைத்திருந்தார். பால்கனிப் பக்கம் நாற்காலியில், கயிற்றின் இந்தப் பக்க நுனியை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றியபடி உட்கார்ந்திருந்தார். உடம்பு ஆறிப்போயிருந்தது.

பக்கத்துத் தெரு டாக்டர் அம்மா வந்து பார்த்தார். "காலையிலயே யாராவது பார்த்திருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கோ ட்டூன் அன்று கடையை மூடிவிட்டார். தூக்க ஆள் போதவில்லை. தெருவில் இளவட்டங்கள் எல்லோரும் பட்டாளத்துக்குப் பயந்து ஊரைவிட்டுப் போயாயிற்று. டீக்கடைக்காரரும் நானும் இன்னும் இரண்டு கிழவர்களுமாக அந்தக் குறுகலான படிகளில் அவரை இறக்கினோம். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது கோ ட்டூன் மெதுவாக, "ஜெனரலுக்கு யார் சொல்றது?" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நீலப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. காலி இடம் நிரம்பிவிட்டது. 'மருத்துவ விடுப்பு' என்று அலுவலகத்தில் எழுதும் அதே திருத்தமான கையெழுத்து. கீழே பென்சிலில், 'ஹசனிடம் சொல்ல வேண்டும்.' தயெட்மியோவுக்கு, சண்டை நடக்கும் இந்தக் காலத்தில், இந்த உடம்போடு நான் போக முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். ஹசன், உன் பாஷா உன்னை மறந்து எங்கேயும் சுகமாக இருக்கவில்லையப்பா. உன்னைப் போலவே படுத்துக் கிடந்தார்.

கடைசிப் பக்கத்தில் 'சார்ஜ் பெற்றுக்கொண்டவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

மணியின் துணியை அன்றே அவிழ்த்துவிட்டேன். ஆறாவது மாடிக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. அவர்களிடம் கேட்டு, கயிற்றை மட்டும் அப்படியே விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். காற்று பலமாக அடித்தால் மணி அடிக்கிறது. காற்றுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் டீயை வைத்துவிட்டு எழுந்து போய், மேலே பார்த்துச் சொல்கிறேன்:

"இதோ வந்துட்டேன் சார்."