எந்தக் கட்டத்தில் பேஜாரு?

மனித மனத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய காலம் மொத்தம் பதினோரு மாதங்கள். உளவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய அன்று தொடங்கிய அந்த நம்பிக்கை, பெங்களூர் தொம்மலூரில் ஓர் அலுவலகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, என் கையில் மைக் இருக்கும்போது முடிந்துபோனது.

அங்கே மனிதவளப் பிரிவில் நான் புதிது. (புதிது என்றால், ஆஸ்டின் டவுனில் பஸ் ஏறும்போதே ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற அளவுக்குப் புதிது.) வேலை நிரந்தரமாவதற்குள் எதையாவது சாதித்துவிடத் துடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மேலாளர் ரகுராம் சார் கூப்பிட்டார். அவருடைய தாத்தா மைசூர் அரசாங்க வேலைக்கு வந்து பெங்களூரிலேயே தங்கிவிட்டவர். சார் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, இங்கிலீஷில் ஓட்டி, கன்னடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்.

"ஹேமா, கான்ட்ராக்ட் ஸ்டாஃப் நாப்பது பேருக்கு மாசக் கடைசியில ரின்யூவல். யாருக்கு வேலையில மனசு இருக்கு, யாருக்கு இல்லன்னு ஒரு லிஸ்ட் வேணும். நீ சைக்காலஜிதானே, ஏனாதுரு மாடு."

(ஏதாவது செய் என்று அர்த்தம். நான் செய்ததும் 'ஏதாவது'தான்.)

ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். பெயர் எழுத வேண்டாம், மனம் திறந்து எழுதுங்கள் என்று மேலே பெரிதாகப் போட்டேன். அதற்குக் கீழேயே ஊழியர் எண்ணைக் கேட்டிருந்தேன். இதிலிருந்த அபத்தம் எனக்கு உறைக்கவே இல்லை. கடைசிக் கேள்வி, 'வேலை நேரத்தில் உங்கள் மனநிலை என்ன? ஒரே வார்த்தையில் சொல்லவும்.' பெரும்பாலானவர்கள் 'குட்' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் 'சம்பளம்' என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு தாளில் மட்டும், தமிழில், அழகான கையெழுத்தில், 'பேஜாரு' என்று இருந்தது.

சென்னைப் பக்கம் பேஜார் என்றால் தொல்லை. பெங்களூர்த் தமிழர்களான எங்களுக்கு அது கன்னடத்திலிருந்து வந்த வார்த்தை, மனசு சம்பந்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனாலும் பேஜாரு, பக்கத்து வீட்டில் சாவு விழுந்தாலும் பேஜாரு. சொல்கிறவர் முகத்தைப் பார்த்து எது என்று தெரிந்துகொள்வோம். பேச ஆரம்பித்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு என் முன்னால் முகம் இல்லை, அட்டவணை இருந்தது. அதில் ஆர்வம், சலிப்பு, அழுத்தம், கோபம் என்று நான்கு கட்டங்கள். துக்கத்துக்கு நான் கட்டம் போட்டிருக்கவில்லை. ஆபீஸில் ஒருவர் துக்கப்படக்கூடும் என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. சலிப்பில் டிக் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

அந்த எண்ணுக்குரியவர் அந்தோணி அண்ணா. ஐம்பதைத் தாண்டியவர், லிங்கராஜபுரத்திலிருந்து பழைய ஸ்கூட்டரில் வருவார். வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து கூரியர் வாங்குவது, அனுப்புவது, நோட்டில் எழுதிவைப்பது அவர் வேலை. சலிப்பில் டிக் விழுந்தவருக்கு ரின்யூவல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் அவரை இரண்டு நாள் ஆராய்ந்தேன். போன மாதம் நான்கு நாள் லீவு. காரணம், 'சொந்த வேலை' என்று அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி எழுதியிருந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்ப எடுத்துப்போகிறார். ஆனால் காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து, கடைசி ஆளாகப் போகிறார். திறமைக்கேற்ற சவால் கிடைக்காத மனிதர் என்று முடிவுகட்டினேன். இவரை நான் காப்பாற்றப்போகிறேன் என்று நினைத்தபோது எனக்கே கண் கலங்கியது. (அந்தக் கண்ணீரை இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.)

அவருக்காக ஒரு பதவியை உண்டாக்கினேன். மகிழ்ச்சித் தூதர். மஞ்சள் டீ-ஷர்ட், நெஞ்சில் சிரிக்கும் முகம். வெள்ளிக்கிழமைகளில் மேஜை மேஜையாகப் போய், "இன்னைக்கு சிரிச்சீங்களா?" என்று கேட்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். டீ-ஷர்ட்டை நீட்டியபோது அவர் அதை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எனக்கா மேடம்?"

"உங்களுக்குத்தான்ணா. உங்க சைஸ் கேட்டுத்தான் வாங்கினேன்."

"இது போட்டா ரின்யூவல் ஆவுமா?"

"கண்டிப்பா பிளஸ் பாயிண்ட்ணா."

மடித்து மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பலூன், கேக், இருநூறு பேர். முன்வரிசையில் ரகுராம் சார். அந்தோணி அண்ணா நெஞ்சில் அந்தச் சிரிப்போடு என் பக்கத்தில் வந்து நின்றார். டீ-ஷர்ட் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தது. நான் மைக்கில் கேட்டேன்.

"அந்தோணி அண்ணா, இந்த மாசம் உங்கள சிரிக்க வெச்ச விஷயம் ஒண்ணு சொல்லுங்க."

அவர் பேசவில்லை. எதிரே இருப்பவர் மௌனமாக இருந்தால் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொடுத்தேன். தலையை மேலும் கீழும் ஆட்டி, புன்னகை மாறாமல், மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி நின்றேன். தப்பிக்க அந்த மனிதருக்கு நான் வழியே வைக்கவில்லை.

"எங்க வீட்ல தவறிட்டாங்க மேடம்," என்றார். "இருவத்திரெண்டு நாள் ஆவுது."

இதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிப்பு உண்டு. ஆனால் என் மூளை உறைந்துபோய், பயிற்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே இருப்பவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த பாடம். மைக்கில், அதே புன்னகையோடு சொன்னேன்.

"ஓகே அண்ணா. அதாவது, உங்க வொய்ஃப் தவறிட்டதா நீங்க ஃபீல் பண்றீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாத முகம். சின்னப் பிள்ளைக்குப் புரியவைப்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"ஃபீல் பண்ல மேடம். செத்துட்டாங்க."

இருநூறு பேர் இருந்த கூடத்தில் ஒரு பேப்பர் தட்டுகூட அசையவில்லை. "இந்தச் சட்டையை மாத்திக்கட்டுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு நான் உருப்படியாகத் தலையாட்டியது அது ஒன்றுக்குத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மேஜைக்குப் போனேன். பழைய சட்டைக்கு மாறி, வந்திருந்த கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவரே ஸ்டூலை இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்தார்.

"ஃபார்ம்ல எழுதிருந்தேனே மேடம், பேஜாருன்னு. ஒரே வார்த்தை கேட்டீங்க. வேற எப்டி எழுதறது?"

"லீவு கேக்கும்போதாவது சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். வீட்ல, சர்ச்ல, தெருவுல எல்லாம் துக்கம் கேக்கறாங்க. இங்க யாருக்கும் தெரியாது. கூரியர் வந்துச்சா அண்ணா, போச்சா அண்ணான்னு மட்டும் கேப்பாங்க. இங்க உக்காந்திருக்கற வரைக்கும் அவ வீட்ல இருக்கற மாதிரியே இருக்கும். டப்பாவைக்கூட அவ கட்டிக் குடுத்ததா நெனச்சுக்குவேன். தெறந்தா தெரிஞ்சுபூடும், அதனால தெறக்கறதில்ல."

அவர் மனைவி உயிரோடு இருந்த ஒரே இடத்தில், மைக் வைத்து இருநூறு பேருக்கு அந்தச் சாவை அவரையே அறிவிக்கச் செய்திருந்தேன்.

அவருக்கு ரின்யூவல் வந்தது. பட்டியலைக் கிழித்துவிட்டு ரகுராம் சாரிடம் சண்டைபோடப் போனேன். சண்டைக்கு அவசியமே இருக்கவில்லை. "அவருக்குப் போடு, மொதல்ல போடு," என்று அவரே தலைகுனிந்தபடி சொல்லிவிட்டார். ஆனால் அதன்பிறகு கவர் வாங்க வந்த ஒவ்வொருவரும் அந்தோணி அண்ணா கையைப் பிடித்து, "எப்படி இருக்கீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். நல்லவர்கள்தான். மூன்று வாரத்தில் அவர் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டார். போகும்போது அந்த மஞ்சள் டீ-ஷர்ட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு என்னிடம் கொடுத்தார்.

வீட்டில் இதைச் சொல்லி ஒரு வாரம் அழுதேன். அம்மா கூடவே அழுதாள். எட்டாவது நாள் அப்பா நாற்காலியில் சாய்ந்து, "டிவி ரிப்பேரு, ஒரே பேஜாரா இருக்கு," என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "ஹேமா, ஃபார்ம் எடு. அப்பாவ எந்தக் கட்டத்துல போடறதுன்னு கேளு," என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சும்மா பேஜாரு என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. எந்தக் கட்டம் என்று கேட்டே தீருவோம். அப்பா ஒவ்வொரு முறையும் ரொம்ப யோசித்து, "கோபம்னே போட்டுக்க," என்பார்.

போன வருடம் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பின சாயங்காலம், அம்மா அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"பேஜாரா இருக்கு ஹேமா," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டவில்லை. அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"என்னடி, கேக்க மாட்டியா?"

"எந்தக் கட்டம்மா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நீ கட்டமே போடலியே," என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறை. சிரித்துக்கொண்டே இருந்தவள் என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.