மறுமொழி சொல்லும் ஹைட்சுங்

சுவிற்சர்லாந்தின் குளிரைத் தன் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்ட மனிதர் அந்த நாட்டிலேயே ஒருவர்தான். தொண்ணூறுகளில் சூரிச்சில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்; பெயர்தான் ஒருவருக்கும் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தைக் கழற்றிய கையோடு சுவரோரம் போய், அறையைச் சூடாக்கும் ஹைட்சுங்கைத் தொட்டுப் பார்ப்பார். அது சுடாவிட்டால் சுகம்கூட விசாரிக்க மாட்டார். அதனால் அவர் ஹைட்சுங் அண்ணை.

நானும் அவரும் ஒரு சுவிஸ் அம்மாவிடம் துப்புரவு வேலை செய்தோம். அந்த அம்மாவுக்கு ஒரு மலைக்கிராமத்தில் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடுகள் இருந்தன. சனிக்கிழமை ஆட்கள் வருவதென்றால், வெள்ளிக்கிழமையே அண்ணை ரயிலேறி, பஸ் மாறி, பனியில் சறுக்கிச் சறுக்கி நடந்துபோய்க் காலி வீட்டின் ஹைட்சுங்கைக் கூட்டி வைப்பார். எந்நேரமும் கூட்டி வைத்தால் அது எரிக்கும் எண்ணெய்ச் செலவு தாங்காது. அடியோடு நிறுத்தினால் பைப்பில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் பாதிவழியில் பனிக்குள் நின்றுவிட்டது. மறுநாள் குழந்தைகளோடு வந்த குடும்பம் ஜாக்கெட்டோடு கட்டிலில் படுத்ததாம். அம்மாவுக்கு அவமானம். தொலைபேசியிலேயே ஹைட்சுங்கைப் போடும் கருவியொன்றை வாங்க முடிவெடுத்தார். “நீதானே பாவிக்கப் போகிறாய், நீயே தெரிவுசெய்” என்று அண்ணையிடம் சொல்லிவிட்டார்.

“அண்ணை, உது வந்தா உங்கட வெள்ளிக்கிழமை வேலை போயிடும். ஒண்டும் சரியில்லையெண்டு சொல்லிவிடுங்கோ” என்றேன்.

“வேலை போனா வேற வேலை தேடலாம் தம்பி. பிள்ளையளோட வந்திறங்கிற சனம் விறைக்கக் கூடாது.”

முதல் விற்பனையாளர் கழுத்துப்பட்டியோடு மலைவீட்டுக்கு வந்து கருவியைப் பூட்டினார். தன் கைத்தொலைபேசியில் அழைத்து ஏதோ இலக்கங்களை அழுத்தினார். கருவி ‘பீப்’ என்றது.

அண்ணையின் முகம் சுருங்கியது. “பீப் எண்டா ஓமோ, இல்லையோ? கேட்டுச் சொல்லு, தம்பி.”

ஓம் என்று அர்த்தமாம். அண்ணைக்குத் திருப்தியில்லை. ஆனாலும் வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடலாமா? பக்கத்தில் வேறு பிளக் இல்லை என்று கருவியைக் கழற்றிவிட்டுக் கேத்திலைச் செருகினார். தேத்தண்ணி குடித்து முடிந்து கருவியைத் திரும்பச் செருகினால், அது எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தது. ஹைட்சுங் நின்றே போயிற்று.

அடுத்தவர் கொண்டுவந்த கருவி பேசியது. அழைத்ததும் ஒரு பெண்குரல் ஜெர்மனில், அறையின் சூடு இவ்வளவு, ஹைட்சுங் போட்டாயிற்று என்று அமைதியாகச் சொன்னது. அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்.”

இந்தத் தடவை வேண்டுமென்றேதான் கழற்றினார். திரும்பச் செருகி அழைத்ததும் அந்தக் குரல், பைப் உறையாத அளவு சூட்டில் ஹைட்சுங் ஓடுவதாக அறிவித்தது.

“பாத்தியே? மறுமொழியும் சொல்லுது, கரண்ட் போனாலும் புத்தி கெடேல்லை. இதையே எடுக்கச் சொல்லு.”

வேலையும் போகவில்லை. தொலைபேசி எடுப்பதும் வேலைதானே என்று அம்மா சொல்லிவிட்டார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அண்ணை தன் வீட்டில் சாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து மலைவீட்டை அழைப்பார். “குட்டன் டாக், தங்கச்சி” என்று தொடங்கி, அந்தக் குரல் சொல்வதற்கெல்லாம் “ஓம், ஓம்” போட்டு, “டாங்கே, வைக்கிறன்” என்று முடிப்பார். மெசினுக்கு எதற்கு மரியாதை என்று கேட்டால் கோபம் வரும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததுமே கண்கலங்கினாள். “இந்தக் குளிருக்க என்னெண்டு இருக்கிறது? என்னைத் திருப்பி அனுப்புங்கோ.”

நானோ அப்போது பொடியன்களோடு ஓர் அறையில் இருந்தவன். எனக்காக அம்மாவிடம் பேசி, காலியாகக் கிடந்த மலைவீட்டை ஒரு கிழமைக்கு வாங்கித் தந்தவர் அண்ணை.

கதவைத் திறந்தால் உள்ளே யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில்! மேசையில் இருந்த மெழுகுதிரி வளைந்து கிடந்தது. அவள் ஜாக்கெட்டைக் கழற்றினாள், சுவெட்டரைக் கழற்றினாள், காலுறையையும் கழற்றிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

நான் மிச்சப் பெட்டியை எடுக்க வெளியே போன நேரம் தொலைபேசி மணியடித்தது. கருவி பதில் சொல்வதற்குள் அவள் எடுத்துவிட்டாள். காதுக்குள் பீப் பீப்பென்று இலக்கங்கள் அழுத்தும் சத்தம்.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

இலக்கச் சத்தம் நின்றது. பிறகு நடுங்கிய குரல்: “தங்கச்சி... நீ தமிழும் கதைப்பியோ?”

அவள் பயந்துபோய், உள்ளே வந்த என் கையில் றிசீவரைத் திணித்தாள்.

“ஹலோ” என்றேன்.

“தம்பி! நீ அங்க போயிட்டியோ? மெசின் தமிழ் கதைக்குது! ஆரெண்டு என்னையே கேக்குது!”

“அது என்ர மனிசி, அண்ணை.”

“அவவிட்டக் குடு” என்றார்.

அவள் வாங்கிக் கேட்டாள். “ஓம் அண்ணை, நல்ல சூடாயிருக்கு... இல்லை அண்ணை, இப்ப அழேல்லை... ஓம், குளிர்ந்தா கூட்டச் சொல்லிக் கேக்கிறன்.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஆரப்பா இது?”

“என்ர அண்ணை.”

“உங்களுக்கு அண்ணை இல்லையே!”

“இஞ்ச ஒருத்தர் இருக்கிறார்” என்றேன்.