உலக்கையும் மெயின் சுவிட்சும்

சூலூர்,
மார்கழி மாதம்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தம்பிதுரை அவர்களுக்கு, மச்சான் ஆறுச்சாமி எழுதிக்கொண்டது. காரமடையில் நீங்களும் என் தங்கையும் சுகமாயிருக்க ரங்கநாதர் பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூடத்துக்காக என்னிடம் விட்டுவைத்திருக்கும் உங்கள் மகள் தெய்வாத்தாள் இன்று காலை கம்பங்கூழைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். இதை முதலில் சொல்லாவிட்டால் பாதிக் கடிதத்திலேயே வண்டி பூட்டிவிடுவீர்கள்.

போன வெள்ளிக்கிழமை அந்தியில் குழந்தை மேசை விளக்கின் பிய்ந்த ஒயரைத் தொட்டுவிட்டாள். கை ஒட்டிக்கொண்டது, சத்தமே வரவில்லை, உடம்பு நடுங்குகிறது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் கரெண்ட் இழுத்துத் தந்த ஆள் சொல்லியிருந்தபடி அவளைத் தொடாமல் ஓடி மெயின் சுவிட்சை அணைத்தேன். வீடு இருண்டதும் சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி, உங்கள் அக்காள் வள்ளியாத்தாள் வந்தாள். "ஏனுங்க, வெள்ளிக்கெழம வெளக்கு வெச்ச நேரத்துல ஊட்டை இருட்டாக்கலாமுங்களா?" என்று, குழந்தை ஒயரை விடுவதற்குள், சுவிட்சைத் திரும்பவும் போட்டுவிட்டாள். லட்சுமி வரும் நேரமாம். குறுக்கே வேறு நிற்கிறாள். விளக்கம் சொல்ல நேரமேது? மூலையிலிருந்த காய்ந்த உலக்கையால் குழந்தையின் கையைத் தட்டிவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சுப்பண்ணன் வந்து, "இடி உழுந்தவனுக்குச் செய்யறாப்பல கழுத்து வரைக்கும் மண்ணுல பொதச்சுப்போடலாமுங்க" என்றார். குழந்தைக்கு மூச்சு நன்றாக இருந்தது. மண் வேண்டாம், வண்டியைக் கொடுங்கள் என்று வாங்கி, அவளைப் படுக்கவைத்தே கோயமுத்தூர் டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, விரல் காயத்துக்குச் சுத்தத் துணி சுற்றி, பயமில்லை என்று அனுப்பினார். வள்ளியாத்தாள் வழியெல்லாம் அழுதாள். "அழுவாதீங்க அத்தே, மாமன் ஒலக்கையில அடிச்சதுதான் வலிக்குது" என்று தேற்றியது உங்கள் மகள்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது அந்திக்கு முன்பே குத்துவிளக்கு எரிகிறது. மெயின் சுவிட்சின் பக்கத்திலேயே உலக்கை நிற்கிறது. நடுங்குகிறவரைத் தொடாதே, சுவிட்சை அணை, முடியாவிட்டால் காய்ந்த மரத்தால் தட்டு என்று வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். தெய்வாத்தாள் தூக்கத்தில்கூடச் சொல்கிறாள். ஆகவே கரெண்டுக்குப் பயந்து அவள் படிப்பை நிறுத்திவிட வேண்டாம். என் வீட்டில் இனி ஒருவருக்கும் ஆபத்தில்லை.

பட்டி பெருகி, பால் பொங்கி, நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க.

ஆறுச்சாமி

பி.கு.: அப்பா, இதை எழுதுவது தெய்வாத்தாள். மாமா கடிதத்தை முடித்துவிட்டுக் குளித்து வந்து, சுவிட்சில் கை வைத்தபடியே குளிரில் வெடவெடவென்று நடுங்கினார். நான் அவரைத் தொடவில்லை. சுவிட்சும் எனக்கு எட்டவில்லை. மாமாவின் கையில் இப்போது பெரிய கட்டு. அவருக்கு எழுத ஆள் வேண்டுமாம், அதனால் நான் இங்கேயே படிக்கிறேன்.