கால்பந்து மேஜையும் கூமாப்பட்டிக் கோடிச் சேலையும்

பேரம் பேசத் தெரியாதவன் ஏமாந்துபோவான். நஷ்டம் அவனோடு போய்விடும். பேரம் பேசத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறானே, அவன்தான் ஆபத்தானவன். ஒரு பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு, அந்த மிதப்பிலேயே பெற்ற தகப்பனை நடுவழியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவான். நான் வந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. விளையாட்டு என்று எது உண்டோ அதில் எல்லாம் தோற்றிருக்கிறேன். கேரம், செஸ், ரம்மி, ஒருமுறை பல்லாங்குழியில்கூட. அப்படிப்பட்டவன் மில் ஆட்களோடு கொடைக்கானல் சுற்றுலா போனபோது, தங்கிய லாட்ஜின் வராந்தாவில் அந்த மேஜை கிடந்தது. தொட்டி மாதிரி ஒரு மேஜை. குறுக்கே எட்டுக் கம்பிகள். கம்பிகளில் சொருகிய சிவப்பு, நீலப் பொம்மைகள். கைப்பிடியைத் திருகினால் பொம்மை பந்தை உதைக்கும். (இப்போது ஃபூஸ்பால் என்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது கால்பந்து மேஜை.) அதில் எங்கள் மேனேஜரையே தோற்கடித்தேன். அவருக்கு ஒரு கண்ணில் கட்டு போட்டிருந்தது என்பதை ஊர் திரும்பிய பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

ஜெயித்த ருசி பொல்லாதது. வீட்டுக்கே ஒரு மேஜை வாங்கிவிட வேண்டும் என்று கிறுக்குப் பிடித்துவிட்டது. முதலில் எங்கள் ஊர் ஆசாரியிடம் படம் வரைந்து காட்டினேன். அவர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இருபத்திரண்டு பேருக்கும் மூக்கு முழி வைக்கணுமா?"

"வச்சா நல்லா இருக்கும்ணே."

"அப்ப பொம்மைக்கே ரெண்டு பீரோ செய்யிற கூலி ஆயிருமே!"

அத்தோடு அந்த வழி அடைந்தது. பிறகு மதுரையில் பெரிய விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் விசாரித்தேன். விலையைச் சொன்னார்கள். கேட்ட வேகத்தில் ஒரு இறகுப்பந்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்காகவே வந்தவன் போல வெளியே வந்தேன். மலிவாக ஒரு பிளாஸ்டிக் மேஜையும் பார்த்தேன். கைப்பிடியைத் திருகியதும் கம்பி என் பக்கமாக வளைந்து வணக்கம் வைத்தது.

மதுரைக்கு ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கவில்லையே. அங்கேதான் வெட்கக்கேடு ஆரம்பிக்கிறது. அப்பாவை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்திருந்தது. துணைக்கு இருந்தவன் நான். அவர் கண்ணயர்ந்ததும் நான் மேஜை தேடக் கிளம்பிவிடுவேன். விழித்துத் தண்ணீர் கேட்டால் பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம்தான் கொடுத்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கடைசியில், மூடப்போகிற ஒரு வீடியோ கேம் கடையின் மூலையில் என் மேஜை அகப்பட்டது. பானை வாங்குகிறவனைப் போல விரலால் தட்டிப் பார்த்தேன். நடுவில் பந்தை வைத்து, ஒரு பக்கமாகச் சரிந்து ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடவில்லை. எட்டுக் கம்பிகளையும் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் வளையவில்லை. காலைக் கழற்றி மாட்டலாம். நீல அணியின் கோல்கீப்பருக்கு மட்டும் தலை இல்லை. அந்த ஒரு தலையை வைத்தே பாதி விலைக்குப் பேசி முடித்தேன். கடைக்காரருக்குக் கண் கலங்கியது. "நாலு வருசம் சோறு போட்ட சாமான் தம்பி" என்று சொல்லி, பலகையைத் தொட்டுக் கும்பிட்டு, ஒரு முழம் சாமந்திப் பூவையும் சுற்றிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேஜையை ஊருக்குக் கொண்டுபோக லாரி வைத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அப்பாவைப் படுக்கவைத்துக் கூட்டிவர அம்மா ஒரு வேன் பேசியிருந்தாள். பின்சீட்டைக் கழற்றி மெத்தை விரித்த வெள்ளை வேன். நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் வேனை எட்டிப் பார்த்த அப்பா கேட்டார்.

"ஏலே, இது என்னது?"

"மேஜைப்பா. கால் கழட்டுனது."

"நான் எங்க படுக்க?"

"முன்னாடி சீட்டு மெத்துனு இருக்குப்பா. வேடிக்க பாத்துக்கிட்டே வரலாம்."

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில், இன்ஜின் சூட்டில் ஏறி உட்கார்ந்தார். மெத்தையில் மேஜை படுத்துக்கொண்டது. தூசி படக்கூடாதென்று அப்பாவுடைய வெள்ளை வேட்டி ஒன்றை அதன்மேல் போர்த்தி, பூவை மேலே எடுத்து விட்டேன். கம்பிகள் ஆடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

திருமங்கலம் தாண்டியதும் ரோடு குண்டும் குழியும். "டிரைவர்ணே, பள்ளத்துல மெதுவா விடுங்க" என்று கத்தினேன். முன்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "பரவால்லலே, தாங்கிக்கிருதேன்." நான் சொன்னது அவருக்காக இல்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது அவரால் முடியவில்லை. அங்கே அவருடைய தங்கை, என் அத்தை, வீடு இருக்கிறது. "இங்கன செத்த நேரம் படுத்துக்கிருதேன். நீ அதக் கொண்டுபோய் எறக்கிட்டுப் பொறவு வா" என்றார். அவரை இறக்கிவிட்டேன். உள்ளே போய்ப் படுத்தாரா என்றுகூடப் பார்க்காமல் வேனை எடுக்கச் சொன்னேன்.

எங்கள் தெருவுக்குள் வேன் நுழையாது. முக்கில் நிறுத்தி, அங்கே நின்ற நான்கு பேரைக் கூப்பிட்டேன். வேட்டி போர்த்தி, பூச்சுற்றிய மேஜையைத் தோளில் தூக்கினார்கள். நான் முன்னால் நடந்தேன். மேஜையைப் பார்த்தால் அம்மா என்ன சொல்வாளோ என்ற பயத்தில் தலையைத் தொங்கப் போட்டிருந்தேன்.

டீக்கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். மளிகைக் கடை காதர் பாய் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்தபடி எங்கேயோ வேகமாகப் போனார். ஒரு விளையாட்டு மேஜைக்கு எங்கள் தெருவில் இத்தனை மரியாதையா என்று நான் வியந்தேன். (அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பி.காம். படித்திருந்தேன்.)

அப்பா படுத்தபடி வருவார் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆரத்தி கரைத்து, வாசலில் தட்டோடு நின்றிருந்தாள். எங்களைப் பார்த்தாள். தட்டு விழுந்தது. சிவப்புத் தண்ணீர் படியெல்லாம் ஓடியது. அம்மா அழவில்லை. அப்படியே வாசலில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேட்டியை இழுத்துவிட்டேன். இருபத்திரண்டு பொம்மைகள், தலையில்லாதவன் உட்பட, தெருவைப் பார்த்து நின்றன.

அம்மா வெகுநேரம் அவற்றைப் பார்த்தாள்.

"அப்பா எங்கலே?"

"வில்லிபுத்தூர்ல. அத்த வீட்டுல."

"எதுக்கு?"

"வேன்ல படுக்க எடமில்லம்மா."

எழுந்து வந்து ஓர் அறை விட்டாள். சின்ன வயதில்கூட என்னை அடித்தவள் இல்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அது பாட்டுக்கு இருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். காதர் பாய் வேகமாகப் போனது எஸ்.டி.டி. பூத்துக்கு. கூமாப்பட்டியில் என் தாய்மாமன், அம்மாவின் அண்ணன், பாய் கடைக்குத் தேங்காய் போடுகிறவர். துக்க வீட்டை எதற்குத் தொந்தரவு செய்வது என்று பாய் தாமே தகவல் சொல்லிவிட்டார். உண்மை தெரிந்து மறுபடி போன் அடித்தபோது, "அவிய அப்பமே கெளம்பிட்டாக" என்று பதில் வந்திருக்கிறது.

நான் அதே வேனில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை எழுப்ப விடவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. சாயங்காலம் அவரை மெத்தையில் படுக்கவைத்து, கழுத்துவரை போர்த்தி, வேனை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தோம். அவர் மறுபடி தூங்கிவிட்டார்.

எங்கள் தெருமுக்கில் வேன் நிற்கவும், பின்னாலேயே கூமாப்பட்டி ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பெண்கள் முடியை அவிழ்த்துவிட்டபடி இறங்கினார்கள். மாமாவின் கக்கத்தில் ஜவுளிக்கடைப் பை. அதில் கோடிச் சேலை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கொண்டுவர வேண்டிய சேலை. "ஐயா, நில்லுங்க, நில்லுங்க" என்று காதர் பாய் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் மாமா வேனின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"என் தங்கச்சிய இப்பிடித் தனியா விட்டுட்டுப் போயிட்டீகளே மாப்ள!" என்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டார்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

"வாங்க மச்சான். நான் எங்க போனேன்? வில்லிபுத்தூர் வரைக்கும்தான போனேன்."

மாமா அலறிப் பின்வாங்கி, பாய் மேலேயே விழுந்தார். பெண்களுக்குப் பாதி ஒப்பாரியை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை; நாலு வரி கூடப் பாடித்தான் ஓய்ந்தார்கள்.

துட்டி, அதாவது சாவுத் துக்கம், கேட்க வந்தவர்களை 'வாங்க' என்று சொல்லக்கூடாது. அவர்களும் 'போயிட்டு வாரோம்' என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. வந்தது துட்டிக்கு, நடுவில் ஆளோ காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். என்ன செய்வதென்று குழம்பி, பாதிப்பேர் பழக்கத்தில் வாய் திறக்காமல் எழுந்து போனார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, உசுரோடதான இருக்கேன்? சொல்லிட்டுப் போனா என்னவாம்?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். சேலைப் பை வீட்டுக்குள்ளும் வரவில்லை, கூமாப்பட்டிக்கும் போகவில்லை. வழியில் ஒரு கண்மாயில் விட்டுவிட்டதாக மாமா சொன்னார். மூன்று மாதம் என்னோடு அவர் பேசவில்லை.

மேஜையைப் புறவாசல் கொட்டகையில் போட்டோம். அம்மா அதில் வத்தல் காயவைத்தாள். உடம்பு தேறிய பிறகு ஒருநாள் அப்பாவே வந்து எதிரில் நின்றார். "எப்பிடிலே இத ஆடணும்?" சொல்லிக் கொடுத்தேன். ஆடிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"பள்ளத்துல மெதுவாப் போகச் சொன்னியே, இந்தப் பயலுகளுக்காகத்தான?"

கைப்பிடி என் கையிலேயே நின்றுவிட்டது. தலையில்லாத கோல்கீப்பர் என் அணியில்தான் இருந்தான். பந்து அவனைத் தாண்டி உள்ளே போனது. அதன்பிறகு நான் அந்த மேஜையில் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கட்டிலோ, கிரைண்டரோ, சைக்கிளோ எது வாங்கினாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "எல்லாஞ் சரி, அப்பா படுக்க எடமிருக்கா?" என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்காரர்கள் மண்டபத்தைக் காட்டியபோது மாமா இதைக் கேட்டார். சம்பந்தி வீட்டார் ஒன்றும் புரியாமல் ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். மாமா கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். மணமேடை அலங்காரத்தைப் பார்ப்பதுபோல் நான் விலகிப் போனேன்.

சில வருஷம் கழித்து ஒரு பழைய கார் வாங்கினேன். அய்யனார் கோவிலுக்குப் போய்ப் பூஜை போட்டு வரலாம் என்று எல்லோரும் கிளம்பி நின்றார்கள். அப்பாவுக்காக முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவர் என்னைக் கடந்துபோய்ப் பின்கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, காலை மடக்கி, பின்சீட்டு முழுக்க அடைத்துப் படுத்துக்கொண்டார். தெருவே கூடிச் சிரித்தது. அம்மாதான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தாள்; சிரித்தபடியே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். என் மனைவியும் மாமாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

"எடுலே வண்டிய" என்றார் அப்பா.

கோவில் வரைக்கும் நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.