மல்டி ஜிம்மும் எதிர்வீட்டு ரத்னவேலும்

சிங்கப்பூரில், தோ பாயோ வீட்டைக் காலி செய்வதற்குள் எதிர்வீட்டு ரத்னவேலை ஒரு விஷயத்திலாவது தோற்கடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. என் மனைவி முத்தாயி தன் வாயால் ஒரே ஒரு தடவை, "இது ரத்னவேல் அண்ணனால்கூட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டால் போதும். புக்கிட் பாஞ்சாங் புது வீட்டில் நிம்மதியாகத் தூங்குவேன்.

இந்த அடுக்குமாடி புளோக்கில் நாங்கள் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். ரத்னவேல் வந்து நான்கு வருடம் ஆகிறது. முதல் எட்டு வருடம் நான் நல்ல கணவன் என்றுதான் பெயர். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு ஆள் இல்லை.

ரத்னவேலுக்கு செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். லிஃப்டில் பார்த்தால் முத்தாயியிடம், "குட் மார்னிங் சிஸ்டர்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்வார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிடும். ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். கையாலாகாதவனுக்கு இது போதும் என்பதுபோல் இருக்கும்.

எங்கள் மின்விசிறி கிறீச்சிட்டபோது, ரத்னவேல் தன் வீட்டு மின்விசிறிகளைத் தானே கழற்றித் துடைத்து மாட்டிவிட்டதாக முத்தாயி சொன்னாள். ஸ்டூல் மேல் ஏறினேன். குளியலறைக் குழாய் ஒழுகியபோது, அவர் பத்து நிமிடத்தில் சரி செய்துவிட்டதாகத் தெரிந்தது. நான் பத்து மணி நேரத்தில் சரி செய்தேன். போன தீபாவளிக்கு அவர் படுக்கையறைக்குத் தானே பெயிண்ட் அடித்தார் என்று செய்தி வந்தது. நானும் அடித்தேன். பீச் நிறம். ஒரு வாரம் கழுத்து வலதுபக்கம் திரும்பவில்லை. நல்லவேளை, அவர் வீடு நேர் எதிரேதான், முறைக்கக் கழுத்து திரும்ப வேண்டியதில்லை.

எனக்கு மேசை வேலை. இதுவரை வேலையில் கையில் எடுத்த கனமான பொருள் ஸ்டேப்ளர். ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டால் வயிற்றுக்குள் அடுப்பு பற்றிக்கொள்ளும், கால் தானாக எழுந்துவிடும்.

இப்போது பிரச்சினை மல்டி ஜிம். சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா ஊரடங்கு சமயத்தில், வெளியே போக முடியாத சோகத்தில் வாங்கியது. கடைக்காரர்கள் இரண்டு பேர் வந்து சின்ன அறைக்குள்ளேயே பாகம் பாகமாகப் பூட்டி நிறுத்திவிட்டுப் போனார்கள். ஆறடி உயரம், நூற்றைம்பது கிலோ. பெயருக்கேற்றபடி பல விதத்தில் பயன்பட்டது. துண்டு காயப்போடலாம், குடை மாட்டலாம், உட்கார்ந்து போன் பார்க்கலாம். உடற்பயிற்சி மட்டும் யாரும் செய்யவில்லை.

புது வீட்டில் இதற்கு இடமில்லை என்று முத்தாயி சொல்லிவிட்டாள். சனிக்கிழமை லாரி, ஞாயிறு காலை பால் காய்ச்ச நல்ல நேரம். வியாழக்கிழமை சாயங்காலம்தான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"நாளைக்கு சாயங்காலம் இதை எடுத்துட்டுப் போக ஆள் வருதுங்க. அதுக்குள்ள பிரிச்சு வெக்கணும்."

"லாரிக்காரங்க பிரிக்க மாட்டாங்களா?"

"அவங்க கட்டில், அலமாரிதான் பிரிப்பாங்களாம். இதைத் தொட மாட்டாங்களாம். விடுங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம். ரத்னவேல் அண்ணன்கிட்ட சொன்னா அரை மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்துருவாரு."

"அவர் ஒண்ணும் வர வேணாம்."

"ஏங்க, வந்தா என்ன?"

பொறாமை என்று வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அந்த மனிதர் ஸ்பேனரோடு என் வீட்டுக்குள் வந்து, அரை மணி நேரத்தில் முடித்து, என் மனைவி கையால் காபி வாங்கிக் குடிப்பதை நினைத்துப் பார்த்தேன். நாளைக்கு லீவு போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கருவிப் பெட்டி அதற்குள் சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, பால் காய்ச்சப் புதுப் பானையும் மாவிலையும் வாங்க வேண்டும் என்று முத்தாயி தேக்கா சந்தைக்குக் கிளம்பினாள். போகும்போது, முடியவில்லை என்றால் எதிர்வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்த மாதிரி சாதனத்தில் முதலில் எடைத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் மற்றதில் கை வைக்க வேண்டும். இது எனக்கு இப்போது தெரியும். அன்று நான் முதலில் கம்பி வடத்தை அவிழ்த்தேன். மேலே தொங்கிக்கொண்டிருந்த தட்டுகள் மொத்தமாக இறங்கின. கீழ்வீட்டில் யாரோ துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார்கள். மன்னிக்கவும் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். தட்டுகளைச் சுவரோரம் அடுக்கினேன். இருக்கையைக் கழற்றினேன். கைப்பிடிகள் வந்தன. ஒவ்வொரு போல்ட் வரும்போதும் மனதுக்குள் ரத்னவேலுக்கு ஒரு தலையசைப்பு கொடுத்தேன். பதினோரு மணிக்கு ஒரே ஒரு போல்ட் மிச்சம். மேல் சட்டத்தையும் பின் தூணையும் சேர்த்துப் பிடித்திருந்த துருப்பிடித்த போல்ட். திருகினேன். தொங்கினேன். கெஞ்சினேன். நான் திரும்பினேனே தவிர, அது திரும்பவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முத்தாயி திரும்பிவிடுவாள். வந்து பார்த்தால் நேராக எதிர்வீட்டு மணியை அழுத்துவாள். அதைவிட நானே போய்த் துரு நீக்கும் எண்ணெய் மட்டும் கடன் கேட்பது மேல் என்று பட்டது. எண்ணெய்தான் கேட்கிறேன், உதவி கேட்கவில்லை. இதை நடைபாதையைக் கடக்கும் ஆறு அடியில் மூன்று தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எதிர்வீட்டு இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் ரத்னவேல் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது. கட்டை விரலில் பிளாஸ்டர். அவரைச் சுற்றி, படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு இழுத்து வந்து பாதி பிரித்த ஒரு கட்டில். என்னைப் பார்த்ததும் முகம் வழக்கம்போல இறுகியது.

"வாங்க பாலகிருஷ்ணன்," என்றார். "முடிச்சிட்டீங்கதானே? சொல்லிட்டுப் போக வந்தீங்களா?"

"எதை?"

"உங்க மல்டி ஜிம்மைத்தான். ஒத்தை ஆளா கழட்டுறீங்களாம். இந்திராணி காலையிலேயே சொல்லிட்டா. எதிர்வீட்டு அண்ணன் நூத்தம்பது கிலோ இரும்பைப் பிரிக்கிறாரு, உங்களால ஒரு மரக்கட்டிலைப் பிரிக்க முடியலையான்னு கேட்டுட்டுப் போயிட்டா."

இந்திராணி அவர் மனைவி. முத்தாயியோடுதான் தேக்காவுக்குப் போயிருக்கிறாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"கட்டிலை எதுக்குக் கழட்டுறீங்க?"

"இடம் வேணுமே. உங்க மல்டி ஜிம் இன்னைக்குச் சாயங்காலம் இங்கதானே வருது."

எடுத்துப் போக வரும் ஆள் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் மெல்ல உட்கார்ந்தேன். கப்பல் பட்டறையில் வேலை செய்பவருக்குக் கட்டில் ஒரு வேலையா என்று கேட்டேன்.

"நான் அங்க பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன் லா. மத்தவங்களை எதையும் தொடாதீங்கன்னு சொல்றதுதான் என் வேலை. ஸ்பேனர் பிடிச்சதே இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான். எல்லாம் உங்களால."

"என்னாலயா?"

"குழாயைப் பத்து நிமிஷத்துல சரி பண்ணீங்களே, அப்போ ஆரம்பிச்சது."

"நீங்கதானே பத்து நிமிஷத்துல பண்ணீங்க?"

"நான் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் போனப்புறம் அரை நாள் இந்திராணி என்கிட்ட பேசல."

"சரி, பெயிண்ட் முதல்ல அடிச்சது யாரு?"

"நீங்க."

"நீங்க அடிச்சீங்கன்னுதான் நான் அடிச்சேன்."

"என்ன நிறம்?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் எழுந்து படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டினார். அதே பீச்.

நான்கு வருடம் ஒரு நல்ல மனிதரைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். அவரும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்பட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக நடந்தது. எண்ணெய் அவரிடம் இருந்தது, என்னிடம் நீளமான ஸ்பேனர் இருந்தது. அவர் பிடிக்க, நான் தொங்க, போல்ட் திரும்பியது. கட்டிலையும் சேர்ந்தே முடித்தோம். கடைசியில் கைகுலுக்கி ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். இனி யார் பெயரை யார் சொன்னாலும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. சந்தேகம் வந்தால் உடனே ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்ப வேண்டும். மனைவிமார்களுக்கு எதுவும் தெரியக் கூடாது.

முத்தாயி புதுப் பானையோடு வந்தாள். வரிசையாகக் கிடந்த இரும்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தனியாவா கழட்டினீங்க?"

ஆமாம் என்றேன்.

"ரத்னவேல் அண்ணனால்கூட இது முடியாதுங்க," என்றாள்.

எல்லாம் தெரிந்த பிறகும் அந்த வார்த்தை இனித்தது.

ஞாயிறு காலை புக்கிட் பாஞ்சாங்கில் பால் நன்றாகப் பொங்கியது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் சோபாவில் சாய்ந்தேன். ஜன்னல்களில் கர்ட்டன் இல்லை, மூன்று ராடுகளும் மூலையில் கிடந்தன. வெயில் நேராக என் முகத்தில் விழுந்தது. நான் அசையவில்லை.

"ரத்னவேல் அண்ணன் நேத்து ராத்திரியே மல்டி ஜிம்மை முழுசாப் பூட்டிட்டாராம்," என்றாள் முத்தாயி, டம்ளர்களை எடுத்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒப்பந்தப்படி மெசேஜ் அனுப்பினேன். "ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க எதையோ பூட்டிட்டீங்களாம்."

உடனே பதில் வந்தது. ஒரு படம். பீச் நிறச் சுவருக்கு முன்னால் மல்டி ஜிம் முழுசாக நின்றது. ஒரு போல்ட்கூட மிச்சமில்லை. பக்கத்தில் ரத்னவேல், இரண்டு கட்டை விரலிலும் பிளாஸ்டர். கீழே எழுதியிருந்தார்.

"மன்னிச்சிடுங்க பாலா. நீங்க நேத்தே கர்ட்டன் ராடு மூணையும் மாட்டிட்டீங்கன்னு இந்திராணி சொன்னா. அதுக்கப்புறம் என்னால உட்கார முடியல."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொய்யில்லை. நிஜமாகவே பூட்டியிருந்தார். அதுவும் தனியாக. அந்தப் பழைய அடுப்பு மறுபடியும் பற்றிக்கொண்டது, இந்தத் தடவை சரியான காரணத்தோடு.

டிரில் எங்கே என்று கேட்டேன்.

முத்தாயி காலையிலேயே அதைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள்.